மூன்றே முக்கால்

இருபத்தாறு மிச்சம் என்றாள் ஒட்டிலியா,
கொக்கி முனையால் ஒவ்வொன்றாய்த் தட்டி எண்ணி.
ஈறு பின்வாங்குகிறதாம்.
பல்லைக் கடித்துக்கொண்டே
பதினெட்டு வருடம் டிராம் ஓட்டியவள் நான்.
கடிபட்ட பல் இப்போது கணக்கு கேட்கிறது.

மெழுகுநூல் கொடுத்தாள்.
விசைப்பிடிக்குப் பழகிய என் விரல்கள்
கடைவாய் வரை போய்
ஊசி கோக்கும் வேலைக்கு மசியவில்லை.

அப்படி வந்து சேர்ந்ததுதான்
குளியலறை விளிம்பில் இந்த வெள்ளைக் குடுவை.
அறுநூறு மில்லி தண்ணீர்,
சுருண்ட குழாய்,
நுனியில் நாரையின் அலகு.
தண்டவாளப் பள்ளத்தில் அப்பிய சருகை
நீரடித்துக் கழுவும் வண்டி ஒன்று
எங்கள் பணிமனையில் உண்டு.
அது போட்ட குட்டி போலிருந்தது.

ஒன்பது மொழிகளில் ஒரே எச்சரிக்கை:
முதலில் வாய், பிறகு விசை.
ஒன்றையும் நான் படிக்கவில்லை.

கண்ணாடி நனைந்தது.
விளக்கு நனைந்தது.
தேய்த்து மாட்டியிருந்த சீருடையின் கழுத்துப்பட்டி நனைந்தது.
போஸ்னானில் அன்று முதல் உறைபனி.
முதல் வண்டியை
ஈரக் கழுத்தோடு எடுத்தேன்.

மறுநாள் தெரிந்துகொண்டேன்.
தொட்டிமேல் நன்றாகக் குனிய வேண்டும்,
தண்ணீர் காட்டிய மாடு மாதிரி.
உதட்டைச் சற்றே திறந்து ஒழுகவிட வேண்டும்.
மானம் பார்க்கக் கூடாது, பார்ப்பதற்கும் ஆளில்லை.
நீர் வெதுவெதுப்பாக இருக்கட்டும்;
சில்லென்று பட்டால்
கடன் வாங்கித் திருப்பாதவர்கள் பெயரெல்லாம்
வரிசையாக ஞாபகம் வருகிறது.
வேகம் பத்து வரை உண்டு.
மூன்று போதும்.
பத்து, கோபக்காரர்களுக்கு.

தொட்டியில் இறங்கிய நீர் இளஞ்சிவப்பு.
மூன்றாம் நாளும் இளஞ்சிவப்பு.
பயந்து நிறுத்திவிடாதே என்று சொல்லியிருந்தாள்.
நிறுத்தவில்லை.
எட்டாம் நாள் வெறும் தண்ணீர்.
அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்,
முதல் நடை தவறப் பார்த்தது.

இதற்கிடையில் சுவர்.
டொக் டொக் டொக்.
அந்தப் பக்கம் வாவ்ஷின், தனியாள்.
கதவில் ஒரு சீட்டு:
'விடியுமுன் மூன்றே முக்காலுக்கு
எந்தச் சுவரைத் துளைக்கிறீர்கள்?'
என் வாயை என்று எழுதி ஒட்டத் தோன்றியது.
ஒட்டவில்லை.
துண்டை நாலாய் மடித்து
அதன்மேல் குடுவையை வைத்தேன்.
இரைச்சல் உறுமலாகி, உறுமல் முனகலானது.
மூன்று தட்டு ஒன்றாய்க் குறைந்தது.

மார்ட்டின் திருநாள் அன்று
ஊர் முழுக்கப் பிறைவடிவ ரொட்டி,
உள்ளே வெள்ளைக் கசகசா.
ஒரே ஒரு மணி
கடைவாய்ப்பல் சந்தில் குடியேறிவிட்டது.
ஆற்றுப் பாலத்தில் தேடிற்று நாக்கு,
சிவப்பு விளக்கில் தேடிற்று,
இறங்குபவர்களுக்கு வணக்கம் சொல்லும்போதும் தேடிற்று.
எட்டு மணி நேரம்.
வீட்டில் மூன்றாம் வேகம், நாலு நொடி.
வந்து விழுந்தது பீங்கானில்,
வெள்ளையில் வெள்ளையாய்,
கண்ணுக்கே தெரியாத ஒரு பெரும்பாறை.
உரக்கச் சிரித்துவிட்டேன்.
சுவர் ஒருமுறை தட்டியது.
நானும் ஒருமுறை தட்டினேன்.
திட்டா, விசாரிப்பா, தெரியாது.

பிறகு ஒருநாள் மின்தூக்கியில் அவர்.
உள்ளங்கையால் வாயை மூடியபடியே பேசினார்.
எப்போதும் அப்படித்தான் பேசியிருக்கிறார் போல.
நான்தான் அதைச் சளி என்று நினைத்திருந்தேன்.
"அது... வலிக்குமா?"
ஆறாம் தளம் வரை
இருவரும் எண்களைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.
"மூன்றில் வைத்தால் வலிக்காது."

நேற்று மூன்றே முக்காலுக்கு
நான் இன்னும் விசையைத் தொடவில்லை.
சுவருக்கு அப்பால் ஒரு மோட்டார் சீறியது.
ஓர் அலறல்.
ஏதோ கண்ணாடிக் குவளை உருண்டது.
கெட்ட வார்த்தை ஒன்று, முழுவதும் நனைந்து.

சுவரில் வாயை வைத்துக் கத்தினேன்:
"முதலில் வாய்! பிறகு விசை!"